தலையாட்டிய யானைகளும் கழுத்தில்லாத தவளையும்

ஆனைமடுக் காட்டில் ஒரு கல்லூரி இருந்தது. பெரிய குளத்தின் கரைக்குக் கீழே நின்ற மருத மரத்தடிதான் வகுப்பறை. மயில், முயல், கீரி, அணில் என்று முதலாண்டில் இருபத்து மூன்று பேர் படித்தார்கள். எல்லோரையும் ஒரே ஒரு பாடம்தான் பயமுறுத்தியது. அதன் பெயர் பேச்சுத் தொடர்பு. அதையும் வாத்துமொழியில் படிக்க வேண்டும்!

ஏன் வாத்துமொழி? எப்போதோ மலைக்கு அப்பாலிருந்து வாத்துகள் வந்தன. பல காலம் குளத்தை ஆண்டன. ஒருநாள் பறந்து போய்விட்டன. அவை போன பிறகும் அவற்றின் மொழி போகவில்லை. முயல் பேசினால் யானைக்குப் புரியாது. யானை பேசினால் மயிலுக்குப் புரியாது. அதனால் வேற்று இனத்தாரோடு பேச வாத்துமொழிதான் என்று ஆகிவிட்டது. இந்தக் கதையில் வருகிற பேச்செல்லாம் வாத்துமொழிதான். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

பாடம் நடத்தியவர் மைனா பேராசிரியர். வாத்துகள் பேசுவதற்கு முன் கழுத்தை மூன்று முறை நீட்டுமாம். எனவே மாணவர்களும் நீட்ட வேண்டும்! பிறகு அவையில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வணக்கம் சொல்ல வேண்டும். அதன் பிறகு மனப்பாடம் செய்ததை மூச்சு விடாமல் ஒப்பிக்க வேண்டும். கேட்பவர்கள் தலையாட்ட வேண்டும். புரியவில்லை என்று யாரும் சொன்னதே இல்லை. சொன்னால் மானம் போய்விடும் அல்லவா?

வகுப்பில் முதல் மாணவன் சித்திரவேல் என்ற மயில். அவனுடைய கழுத்தைப் பார்த்தாலே பேராசிரியர் பாதி மதிப்பெண்ணைப் போட்டுவிடுவார்.

கடைசி மாணவி குவளை என்ற தவளை. பாவம், அவளுக்குக் கழுத்தே கிடையாது! எவ்வளவு எக்கினாலும் கண்கள்தான் பிதுங்கின. அவளிடம் இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. தவளைகள் ஒரு கரையிலிருந்து கூப்பிட்டால் மறுகரையிலிருந்து பதில் வரும்வரை விடமாட்டார்கள். குவளையும் அப்படித்தான். பேசி முடித்ததும் எதிரே இருப்பவரைப் பார்த்து, "நான் என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லுங்க!" என்று கேட்டுவிடுவாள்.

ஒருமுறை பேராசிரியரையே கேட்டுவிட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"அவையை நீ கேள்வி கேக்கறதா? நன்றி வணக்கம்னு சொல்லிட்டு இறங்கணும்!" என்று பேராசிரியர் சீறினார். நூற்றுக்கு ஒன்பது மதிப்பெண் போட்டார்.

ஐப்பசி மாதம் வந்தது. நாலு நாள் விடாத மழை. குளம் தளும்பியது. ஐந்தாம் நாள் காலை வானம் கொஞ்சம் வெளுத்தது. அன்றுதான் பேச்சுத் தேர்வு.

குவளை அவசர அவசரமாக வகுப்புக்குக் கிளம்பினாள். போகும் வழியில் குளத்தோரப் பாசிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய தம்பி தங்கைகள் அங்கேதான் இருந்தார்கள். எல்லோரும் இன்னும் தலைப்பிரட்டைகள். கால் முளைக்கவில்லை. தண்ணீரை விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் செத்துப்போவார்கள்.

அப்போதுதான் அதைப் பார்த்தாள். கரையில் இருந்த நண்டு வளை ஒன்றிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. காலை அதில் விட்டுப் பார்த்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கரை உடையப் போகிறது! உடைந்தால் குளத்துத் தண்ணீர் முழுவதும் பாய்ந்து ஓடிவிடும். தம்பி தங்கைகள் சேற்றில் கிடந்து துடிப்பார்கள். கீழே இருக்கிற கல்லூரியும் வளைகளும் பொந்துகளும் அடித்துக்கொண்டு போய்விடும்!

குவளை தாவிக்கொண்டு ஓடினாள்.

"மேடம்! மேடம்! கரையில ஓட்டை! தண்ணி வருது!"

பேராசிரியர் பறந்து போய்ப் பார்த்தார். முகம் வெளிறித் திரும்பினார். "ஐயையோ! நெசம்தான்! யானைங்க வந்து களிமண்ணை மிதிச்சு, பாறையை உருட்டி வெச்சாத்தான் உண்டு. மூங்கில் காட்டுக்கு யாராவது உடனே போகணும்!"

"நான் போறேன்! என் தம்பி தங்கச்சிங்க அங்க இருக்காங்க!" என்றாள் குவளை.

"நீயா? உன் வாத்துமொழியைக் கேட்டா யானைங்க சிரிச்சே செத்துரும்!" என்றது கீரி.

"சித்திரவேல் போகட்டும். இது பெரிய இடத்து விஷயம். கௌரவமாப் பேசணும்" என்றார் பேராசிரியர்.

சித்திரவேலுக்குத் தோகை சிலிர்த்தது. இரண்டு நிமிடம் தொண்டையைச் செருமிச் சரிசெய்தான். பிறகு பறந்தான்.

மூங்கில் காட்டில் கரும்பாயி என்ற யானைத் தலைவி தன் கூட்டத்தோடு நின்று மேய்ந்துகொண்டிருந்தாள். சித்திரவேல் ஒரு பாறைமேல் ஏறினான். கழுத்தை மூன்று முறை நீட்டினான்.

"மாண்புமிகு தலைவி அவர்களே! அவர்தம் அருமைத் தமக்கையர்களே! கன்றுகளே! ஈண்டு குழுமியிருக்கும் மூங்கில்களே! அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்! நீர்நிலையின் அரண் நிலைகுலைந்து, பேரிடர் வாயிலில் நின்று நம்மை நோக்கும் இவ்வேளையில், தங்கள் திருப்பாதங்களின் பேருதவியை நாடி..."

அருவி கொட்டுவது மாதிரி கொட்டினான். கரும்பாயிக்கு வாத்துமொழியில் முப்பது நாற்பது வார்த்தைதான் தெரியும். சித்திரவேல் சொன்னதில் 'வணக்கம்' மட்டும்தான் புரிந்தது. 'எவ்வளவு படிச்ச பிள்ளை! புரியலன்னு சொன்னா நம்மள என்ன நினைக்கும்?' என்று எண்ணிக்கொண்டாள். மெல்லத் தலையாட்டினாள். அவள் ஆட்டியதைப் பார்த்து மற்ற யானைகளும் ஆட்டின. குட்டி யானைகூட ஆட்டியது!

"நன்றி, வணக்கம்!" என்று சித்திரவேல் பறந்து வந்துவிட்டான்.

"என்ன ஆச்சு?" என்று எல்லோரும் மொய்த்துக்கொண்டார்கள்.

"அத்தனை பேரும் தலையாட்டினாங்க! ஒருத்தர்கூட குறுக்கே பேசல!"

"பிரமாதம்! நூத்துக்கு நூறு!" என்று பேராசிரியர் சிறகைத் தட்டினார்.

குவளை மட்டும் கேட்டாள். "எப்ப வர்றேன்னு சொன்னாங்க?"

சித்திரவேல் விழித்தான். "அதான் தலையாட்டினாங்களே!"

காத்திருந்தார்கள். ஒரு யானையும் வரவில்லை. நண்டு வளை இப்போது முயல் வளை அளவுக்கு ஆகிவிட்டது. கலங்கல் நீர் குபுகுபுவென்று கொப்பளித்தது. கரையில் ஒரு கட்டி மண் சரிந்து தொப்பென்று விழுந்தது. பாசிக்குள் இருந்த தலைப்பிரட்டைகளை நீரோட்டம் ஓட்டைப் பக்கம் இழுத்தது!

இனி யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. தாவினாள். புதரைத் தாண்டினாள், ஓடையைத் தாண்டினாள், முள் கிழித்ததைக்கூடப் பார்க்கவில்லை. மூங்கில் காட்டுக்குப் போய்க் கரும்பாயியின் கால் நகத்துக்கு முன்னால் விழுந்தாள்.

கழுத்தை நீட்டவில்லை. நீட்டக் கழுத்தும் இல்லை. வணக்கமும் சொல்லவில்லை.

"அம்மா! குளம்! கரை! ஓட்டை! வாங்க!"

கரும்பாயி வழக்கம்போலத் தலையாட்டினாள்.

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ச்சியோடு திரும்பியிருப்பார்கள். குவளை தவளை அல்லவா? பதில் வராமல் விடுவாளா?

"அம்மா, நான் என்ன சொன்னேன்? நீங்க சொல்லுங்க!"

கரும்பாயியின் தலை நின்றுவிட்டது. காதுகளும் நின்றுவிட்டன. இத்தனை வயதில் அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. தும்பிக்கையால் மண்ணைக் கிளறினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"குளத்துல... விழா. மயில் தம்பி அழகா வந்து கூப்பிட்டுச்சே! சாயங்காலம் வர்றோம்."

"விழாவா!" குவளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழுகை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "இல்லம்மா, விழா இல்ல! தப்பு உங்க மேல இல்ல. நாங்க சொன்ன விதம் சரியில்ல. இங்க பாருங்க!"

ஈர மண்ணைக் காலால் வழித்து ஒரு சின்னக் கரை கட்டினாள். பக்கத்துக் குட்டையிலிருந்து வாயால் தண்ணீரை உறிஞ்சி வந்து உள்ளே துப்பினாள். நாலு தடவை துப்பியதும் ஒரு சின்னக் குளம் ஆயிற்று. அதில் ஒரு புல்லரிசியைப் போட்டாள்.

"இது என் தம்பி" என்றாள்.

பிறகு கரையில் ஒரு விரலைக் குத்தி எடுத்தாள். தண்ணீர் கசிந்தது. ஓட்டை பெரிதாயிற்று. சட்டென்று கரை உடைந்தது. தண்ணீர் ஓடிவிட்டது. புல்லரிசி மட்டும் சேற்றில் கிடந்தது.

கரும்பாயி அந்தப் புல்லரிசியையே பார்த்தாள்.

"இப்ப சொல்லுங்கம்மா. என்ன புரிஞ்சுது?"

"கரை உடையுது! பிள்ளைங்க சாகுது! மண்ணு மிதிக்கணும்!" என்று கரும்பாயி பிளிறினாள். அந்தப் பிளிறலில் மூங்கில் காடே அதிர்ந்தது. "ஏறு என் தலைமேல! பிடிச்சுக்கோ!"

ஒன்பது யானைகள் ஓடின! நிலம் தடதடவென்று நடுங்கியது! அவை குளத்தை அடைந்தபோது கரையில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை பெரிதாகியிருந்தது. கரும்பாயி நேராக ஓட்டைக்குள் தன் உடம்பையே அடைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் சட்டென்று நின்றது. மற்ற யானைகள் களிமண்ணை அள்ளிப் போட்டன, மிதித்தன, பாறைகளை உருட்டின. உச்சிவேளைக்குள் கரை பழையபடி கெட்டிப்பட்டுவிட்டது.

குவளை தண்ணீருக்குள் பாய்ந்தாள். பாசிக்குள்ளே கறுப்பாகச் சின்னச் சின்ன வால்கள் ஆடின. ஒவ்வொன்றாக எண்ணினாள். எல்லோரும் இருந்தார்கள்! அப்போதுதான் அவளுக்கு வாய்விட்டு அழ முடிந்தது.

மாலையில் மருத மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். யானைகளும் வந்திருந்தன. மைனா பேராசிரியர் கிளைமேல் நின்று பேசத் தொடங்கினார். பழக்கதோஷம் விடுமா? தகவல் பரிமாற்றம், எதிர்வினைச் சுழற்சி, இடையூற்றுக் காரணிகள் என்று பத்து நிமிடம் பொழிந்து தள்ளினார். வகுப்பு முழுவதும் தலையாட்டியது. யானைகளும் ஆட்டின.

பேராசிரியர் 'நன்றி' என்று சொல்ல வாயைத் திறந்தார். குவளையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நான் என்ன சொன்னேன்? யாராவது திருப்பிச் சொல்லுங்க, பாப்போம்."

அணில் வாலை நக்கியது. கீரி வானத்தைப் பார்த்தது.

பின்வரிசையில் ஒரு தோகை அசைந்தது. சித்திரவேல் எழுந்து நின்றான். நீண்ட கழுத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், எனக்குப் புரியல. இன்னைக்கு மட்டும் இல்ல. முதல் நாள்லேருந்தே புரியல. எல்லாம் மனப்பாடம்தான்."

பேராசிரியரின் கண்கள் கலங்கின. அவர் கிளையிலிருந்து இறங்கி அவனுக்கு எதிரே மண்ணில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு வருஷமாப் பாடம் எடுக்கறேன். இன்னைக்குத்தான் ஒருத்தன் எனக்குப் பதில் சொல்லியிருக்கான்! எந்த இடத்துல புரியலப்பா?"

"எனக்கும் புரியல!" என்று துள்ளியது முயல். "எனக்கும்!" "எனக்கும்!" என்று கீரியும் அணிலும் கத்தின. "எங்களுக்கும்!" என்று ஒன்பது யானைகளும் சேர்ந்து பிளிறின. குளத்தங்கரையே கலகலத்தது. குவளை எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தாள்.

எந்த மொழியில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், கேட்டவருக்கு என்ன புரிந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை நாம் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றுதான் பொருள்.