அலகப்பன் வாத்தியாரின் ஒரே பை

தாமரையேரிப் பள்ளிக்கூடத்தில் அலகப்பன் என்றொரு கூழைக்கடா வாத்தியாராக இருந்தார். தவளை, ஆமை, நீர்நாய், நத்தை என்று அவர் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எல்லோரும் தாமரை இலையில் முள்ளால் பாடம் எழுதுவார்கள். பள்ளி விட்டதும் வாத்தியார் அந்த நாற்பது இலைகளையும் அலகுக்குக் கீழே தொங்கும் பையில் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் பறப்பார். சப்பாத்திக்கள்ளிப் பழத்தைப் பிழிந்து சிவப்புச் சாறு எடுத்து, இருட்டும்வரை ஒவ்வோர் எழுத்தாகத் திருத்துவார்.

மற்ற கூழைக்கடாக்கள் அந்தப் பையில்தான் குஞ்சுகளுக்கு மீன் கொண்டுபோகும். நம் வாத்தியார் பையில் மீனுக்கு ஏது இடம்? இலைகளுக்கு நடுவே தப்பித் தவறி ஒட்டிக்கொண்டு ஓர் அயிரை வந்தால் உண்டு.

வீட்டில் மூன்று குஞ்சுகள். மனைவி செவந்தி ஒருத்தியாகவே மீன் பிடித்து மூன்று வாய்க்கும் போட்டுக்கொண்டிருந்தாள். பங்குனி வெயிலில் ஏரி வற்றிவிடும். அதற்குள் குஞ்சுகள் பறந்தாக வேண்டும். பக்கத்து மரத்துப் பிள்ளைகள் சிறகடித்துக் கிளை தாவ ஆரம்பித்துவிட்டன. இவர்களுடைய கடைக்குட்டிக்கோ இறகு முளைக்கவே தெம்பில்லை. கும்பிடு போடுகிற மாதிரி ஒரு தடவை சிறகைத் தூக்கும், உடனே உட்கார்ந்துவிடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் செவந்தி இன்னொரு மீனுக்காக ஏரிக்குப் பறப்பாள்.

இது போதாதென்று பள்ளிக்கூடத்தில் நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழித் தலைமையாசிரியர் வேறு. அவருக்கு எந்த வேலை நினைவுக்கு வந்தாலும் அலகப்பன் முகம்தான் நினைவுக்கு வரும். சரியாகப் பள்ளி விடும் நேரத்தில் வந்து நின்று, செய்வீர்களா என்று கேட்பார். அப்போது அலகப்பன் வாய் நிறைய இலை. வாயைத் திறந்தால் நாற்பதும் தண்ணீரில் விழும். தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினாலும் விழும். மேலும் கீழும் ஆட்டினால் மட்டும் விழாது. பாவம், அவர் மேலும் கீழும் ஆட்டுவார்!

இப்படித்தான் வருகைப் பதிவு அவர் தலையில் விழுந்தது. ஆண்டு விழாவில் தவளைகளின் கும்மியும் விழுந்தது. ஏரியில் எத்தனை தும்பி இருக்கிறது என்று கணக்கெடுக்கும் வேலையும் அவருக்கே வந்தது. தும்பி ஒன்றாவது ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே எண்ணுவதற்கு!

ஒரு நாள் மாலை அலகப்பன் வீடு திரும்பினார். அப்பா வந்ததும் பைக்குள் தலையை விட்டு மீன் தேடுவது கூழைக்கடாக் குஞ்சுகளின் வழக்கம். பசி தாங்காத கடைக்குட்டி விழுந்தடித்து ஓடிவந்து தலையை விட்டது. மீன் அகப்படவில்லை. அகப்பட்டதைத் தின்றது. வாத்தியார் சுதாரிப்பதற்குள் நாற்பது பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. பானை மாதிரி வயிறு உப்பி, மல்லாக்க விழுந்து முனகியது.

செவந்தி குஞ்சின் வயிற்றை நீவிவிட்டாள். பிறகு கணவனைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்களுக்கு இருக்கிறது ஒரே ஒரு பைங்க. அதுல பள்ளிக்கூடத்தையே தூக்கிட்டு வந்தா, இதுங்களுக்கு எதுல கொண்டு வருவீங்க?"

அன்றைக்கு அலகப்பன் வாயில் இலை இல்லை. வெறும் பையை ஒரு தடவை திறந்து பார்த்து மூடிக்கொண்டார்.

மறுநாள் வெறும் பையோடு வகுப்புக்குப் போனார். இலைகளை மகன் தின்றுவிட்டான் என்று ஒப்புக்கொண்டபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகளோ ஆரவாரம் செய்தார்கள். இது நாள்வரை திருத்திக் கொடுத்த இலைகளாவது பத்திரமாக இருக்கின்றனவா என்று கேட்டார். தவளைகள் மழைக்குக் குடை பிடித்ததாகச் சொன்னார்கள். நீர்நாய் அதன்மேல் உட்கார்ந்து கரையில் சறுக்கி விளையாடியிருந்தான்.

நத்தை மட்டும் மெதுவாகக் கொம்பை நீட்டினாள்.

"நான் தின்னுடுவேன் சார். சிவப்புச் சாறு நிறைய இருந்தா தித்திப்பா இருக்கும். அதுக்காகவே தப்புத் தப்பா எழுதுவேன்."

வாத்தியாருக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. வாய் காலியாக இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கே கேட்கும்படி சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் புது இலையில் பாடம் எழுதச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரோடு இலையை மாற்றித் திருத்தச் சொன்னார். ஆமையின் இலையைத் தவளை திருத்தினான். தவளையின் பிழையைக் கண்டுபிடித்ததில் ஆமைக்குத் தலைகால் புரியவில்லை. நத்தையைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்து, எல்லோரும் செய்த ஒரே பிழையை மட்டும் வாத்தியார் விளக்கினார். மணி அடிப்பதற்குள் திருத்தும் வேலை முடிந்தது. நத்தைக்கு அன்று சாறு கிடைக்கவில்லை, ஆகவே மறுநாளிலிருந்து சரியாகவே எழுதினாள்.

பள்ளி விடும் நேரம். வழக்கம்போல நாமக்கோழி வந்து நின்றார்.

"நத்தைகளுக்கு ஓட்டப்பந்தயம் வெக்கணும் சார். முடியறவரைக்கும் நீங்க கூட இருந்து பார்த்துக்குங்க. நத்தைகளைத் தூக்கிட்டு வரப் பெரிய பை உங்களுக்குத்தானே இருக்கு!"

பந்தயம் முடிவதற்குள் ஏரியே வற்றிவிடும். அலகப்பன் வாயைத் திறந்தார்.

"என்னால முடியாதுங்க சார். அந்தப் பை வீட்டுக்கு வேணும்."

நாமக்கோழி திகைத்துப்போனார். இந்த வாத்தியாருக்குப் பேச்சு வரும் என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். "வாத்து சார்கிட்ட கேட்டுப் பார்க்கறேன்" என்று முனகிக்கொண்டே நகர்ந்தார்.

அலகப்பன் நேரே ஏரியின் நடுவுக்குப் பறந்தார். அன்று மாலை கடைக்குட்டி பயந்து பயந்துதான் பைக்குள் தலையை விட்டது. உள்ளே துள்ளத் துள்ளக் கெண்டை மீன்! தலையை வெளியே எடுக்க அதற்கு மனமே வரவில்லை. செவந்தி வெகுநாள் கழித்துச் சிறகை மடித்து உட்கார்ந்தாள். பங்குனி பிறந்து ஏரி வற்றத் தொடங்கியபோது, மூன்று குஞ்சுகளும் அப்பாவுக்குப் பின்னால் வரிசையாகப் பறந்தன.

நமக்கு இருக்கும் நேரமும் அதுபோல ஒரே ஒரு பைதான். அதில் வீட்டுக்கு உரிய இடத்தை வேலைக்குக் கொடுத்துவிடாமல், முடியாததை முடியாது என்று வாய் திறந்து சொல்லிப் பழக வேண்டும்.