மூன்று தட்டு மேகம்

முன்னொரு காலத்தில், கடலுக்கும் மலைக்கும் நடுவே கூவைநாடு என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டார் வெளியே கிளம்பினால் தலையில் முறத்தைக் கவிழ்த்துக்கொண்டுதான் போவார்கள். சிரிக்காதீர்கள், நீங்கள் அங்கே இருந்திருந்தால் இரண்டு முறம் கவிழ்த்திருப்பீர்கள்.

காரணம் ஒரு மேகம். மலையுச்சிக்கு மேலே, தட்டின்மேல் தட்டாக மூன்று தட்டு. எத்தனை காற்று அடித்தாலும் அது இம்மியும் நகராது. அதன்மேல் கருமுண்டன் என்ற மந்திரவாதி உட்கார்ந்திருந்தான். மனிதர்களின் பயம்தான் அவனுக்கு ஆகாரம்.

"மாசம் ஒரு ஆளை மலையுச்சிக்கு அனுப்புங்க. இல்லாட்டி மேகத்தை ஊர் மேல தள்ளிருவேன்" என்பான். போன ஆள் கல்லாகிவிடுவான். அந்த மேகத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அந்த மாதம் செவத்தையன் முறை. அவன் மனைவி பூவாத்தாள் நெல் அவிப்பவள்.

"நீ வராத புள்ள" என்றான் அவன்.

"உன்னைத் தனியா விட்டுட்டு நான் என்ன செய்ய?" என்று அவளும் கூடவே ஏறினாள்.

உச்சியில் கல் மனிதர்கள் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். மேகத்தின் மேலிருந்து கருமுண்டனின் குரல் கேட்டது.

"விழட்டுமா?"

செவத்தையன் மண்டியிட்டான். முழங்கால் வரை கல்லானான்.

பூவாத்தாள் மண்டியிடாமல் நிமிர்ந்து பார்த்தாள். கடற்காற்று ஈரத்தோடு மலையேறி வந்தது. உச்சிக் குளிரில் வெளுத்து மேகமானது. அந்தப் பக்கம் இறங்கியதும் சூடேறிக் காணாமல் போனது. பின்னாலேயே அடுத்த காற்று ஏறி வந்து வெளுத்தது.

"விழட்டுமா?"

மார்பு வரை கல்லானான். "ஓடிரு புள்ள" என்றான்.

அவள் ஓடவில்லை. நெல் அவிக்கும் அண்டாவை அவள் தினமும் பார்க்கிறவள். ஆவி வெளுக்கும், ஒரு முழம் மேலே போனதும் மறையும். ஆனாலும் அண்டாவுக்கு மேலே எப்போதும் ஒரு வெள்ளை நிற்கும்.

"விழட்டுமா?"

கழுத்துக்குக் கல் ஏறியது. பூவாத்தாள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"எது விழும்? நீ முதல்ல கேட்டப்ப இருந்த மேகம் கரைஞ்சு போயாச்சு. ரெண்டாவது கேட்டப்ப இருந்ததும் போயாச்சு. இது இப்பத்தான் பொறந்தது. வெறும் ஆவி. யோவ், நீயும் நிமிர்ந்து பாரு."

செவத்தையன் கழுத்து வரை கல்லோடு முகத்தை மட்டும் நிமிர்த்தினான். பார்த்தான். பயம் விட்டுப்போனது.

அந்த ஆவியை அவன் உட்காரும் பலகையாக்கி வைத்திருந்ததே மலையேறி வந்தவர்களின் பயம்தான். கருமுண்டன் முதல் தட்டைப் பொத்துக்கொண்டு வந்தான், இரண்டாம் தட்டைப் பொத்துக்கொண்டு வந்தான், மூன்றாம் தட்டையும் பொத்துக்கொண்டு பாறையில் விழுந்தான். அத்தோடு முடிந்தான்.

கல் மனிதர்கள் ஒவ்வொருவராக இருமிக்கொண்டு எழுந்தார்கள். செவத்தையனின் நெஞ்சு ஏறி இறங்கியது. பூவாத்தாளுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு அழுது தீர்த்தாள்.

அவர்கள் எல்லோரும் உயிரோடு மலையிறங்கி வீடு சேர்ந்தார்கள். நாமும் கதையை விட்டு இறங்குவோம்.