தாய்ச்சாடிக்குக் கட்டிய கறுப்புக் கயிறு

மலையடிவாரத்து மருந்துமடத்தில் சாடிகளை இனம் பிரிப்பது மாசிலாமணியின் வேலை.

பனங்கள்ளைக் காடியாக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே குடும்பம்தான். ஆனால் அதில் இரண்டு இனம் உண்டு என்று குரு அங்கயற்கண்ணி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒன்று கள்ளைப் புளிப்பாக்கிவிட்டு அத்தோடு நின்றுகொள்ளும். இன்னொன்று புளிப்பாக்கும், பிறகு அந்தப் புளிப்பையே தின்று தண்ணீராக்கிவிடும்.

சாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். புதுக் கள் சேர்க்காமல் சில நாள் விட்டுச் சிப்பிப் பொடி தூவ வேண்டும். புளிப்பு இருந்தால் பொங்கும். அந்தச் சாடிக்கு வெள்ளைக் கயிறு. பொங்காவிட்டால் கறுப்பு.

குருவைவிட மாசிலாமணிக்கு வயது அதிகம். பயமும் அதிகம். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவர்.

குரு கண் வைத்தியத்துக்காக டவுனுக்குப் போயிருந்தாள். அப்போதுதான் அவருக்குத் தாய்ச்சாடியையும் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. மடத்து மருந்துக்கெல்லாம் காடி அதிலிருந்துதான் எடுப்பார்கள். அது கெட்டால் மடத்தில் மருந்து இல்லை.

ஒரு கரண்டி எடுத்து வைத்து, சில நாள் கழித்துக் கிண்ணத்தில் பொடி தூவினார். மணல் மாதிரி அடியில் போய்ப் படுத்தது.

உடனே தாய்ச்சாடிக்குக் கறுப்புக் கயிறு கட்டினார்.

மறுநாள் காலை, கள் இறக்கும் சுடலையாண்டி வழக்கம்போலத் தாய்ச்சாடிக்கு ஊற்றக் கள்ளுப் பானையோடு வந்தான்.

"வேண்டாம், போ."

"ஏன் சாமி? உங்க சாடி விரதமா?"

"கெட்டதுக்குத் தீனி போடச் சொல்றியா? போன்னா போ."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அடுத்த நாளும் வந்தான், அடுத்த நாளும் திருப்பி அனுப்பினார். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அந்தக் கெட்டது மற்ற சாடிகளுக்கும் தாவிவிடுமோ என்று ஒவ்வொன்றையும் தள்ளித் தள்ளி வைத்தார். தாய்ச்சாடியின் வாசனை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தது. அவர் பயந்தபடியே நடந்தது.

கடைசியில் ஒரு பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தாய்ச்சாடியின் பக்கத்தில் கொண்டுவந்து இறக்கினார். ஊற்ற மனம் வராமல் நின்றுகொண்டிருந்தபோது குரு உள்ளே வந்தாள். அவள் இடுப்பில் சுடலையாண்டியின் கள்ளுப் பானை இருந்தது.

"வழியில சுடலையாண்டியைப் பார்த்தேன். நம்ம சாடி விரதம்னு சொன்னார். யாரைக் குளிப்பாட்டப் போறீங்க, மாசிலாமணி ஐயா?"

"அம்மா, கிட்ட வராதீங்க. தின்கிற இனம் உள்ளே பூந்துடுச்சு. கொன்னாத்தான் மத்ததாவது மிஞ்சும்."

குரு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். பானையைச் சாய்த்து, மேலே பாலேடு போல மிதந்த படலம் கலையாமல், ஓரமாகக் கள்ளை ஊற்றினாள்.

"ஐயோ, அம்மா!"

"வெந்நீர் இருக்கட்டும். எனக்குக் குளிக்க ஆகும்."

அதன்பிறகு தினமும் அவளே ஊற்றினாள். மாசிலாமணி தூரத்தில் நின்று பார்த்தார். சாடியின் வாசனை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஒரு காலையில் குரு சாடியிலிருந்து கரண்டியால் மொண்டு நீட்டினாள். அவர் பொடி தூவினார். நுரைத்துப் பொங்கி விரலில் வழிந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான்தான் தப்பா இனம் பிரிச்சுட்டேன். கறுப்புக் கயிறை அவிழ்த்துடறேன்."

"அவிழ்க்காதீங்க. நீங்க பிரிச்சது சரிதான். அது தின்கிற இனம்தான்."

அவர் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"எப்போதிருந்து அம்மா?"

"என் குரு என் கையில கொடுத்தப்பவே. கள்ளு இருக்கிறவரை அது புளிப்பைத் தொடாது. கள்ளு தீர்ந்தாத்தான் தொடும்."

மாசிலாமணி சாடியைவிட்டு ஓரடி பின்னால் போனார். இத்தனை வருஷமாக அதன் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

"தெரிஞ்சுமா வச்சிருந்தீங்க? உங்களுக்குப் பயமே இல்லையா?"

குரு சாடியை மூடினாள்.

"பயம்தான். அதனாலதான் தினமும் ஊத்தறேன்."