இரை மறுத்தவளின் தூண்டில்

தீர்ப்புச் சொல்லும் ஆசை யாருக்குத்தான் இல்லை? பூலான்குடிக் கண்மாய்க்கரையில் நடந்த இந்த வழக்கைக் காது கொடுத்துக் கேளுங்கள். முடிவில் உங்களைத்தான் கேட்கப்போகிறேன். அப்போது கூரையைப் பார்க்கக் கூடாது.

அந்தக் கரையில் தூண்டில் போட்டவர்கள் பதினோரு பேர். ஆளுக்கு ஓர் இடம். பழைய கட்டுப்பாடு ஒன்றும் உண்டு: கரையில் இடம் உள்ளவர், தூண்டிலில் கோக்க இரை கேட்டு வந்தவரிடம் இல்லையென்று சொல்லக் கூடாது. மறுத்தால் மறுத்தவரின் தூண்டிலை எல்லார் முன்னிலையிலும் முறித்துப் போடுவார்கள். பசியோடு வந்தவன் இரை இல்லாமல் திரும்பக் கூடாது என்று யாரோ நல்ல மனத்தோடு செய்த ஏற்பாடு. அதில் எனக்குக் குறையில்லை.

மடைக்குப் பக்கத்து இடம் செவத்தையனுடையது. ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து போய்ச் சேர்ந்தான். முப்பதாம் நாள் காரியம் கழிந்த மறுவாரமே அவன் மனைவி முத்திருளாயி, அவனுடைய மூங்கில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு மடைக்குப் போனாள். அவளுக்கும் அவள் மகளுக்கும் சோறு அந்த இடத்தை நம்பித்தான் இருந்தது. கரைக்குத் தலைவரான அம்பலம் சங்கையா குறுக்கே வந்து நின்றார்.

"பொம்பளைக்குக் கரையில எடமில்லத்தா. வேணும்னா புழு எடுத்துக் குடு. பிடிக்கிற மீனுல ரெண்டு தாரோம்."

பெரிய மனசுதான். முத்திருளாயி பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

மழை விட்ட காலைகளில் கோட்டைராசுவின் வாழைத்தோப்புக்குப் போனாள். அவன் மிச்சமிருந்த பத்து தூண்டில்காரரில் ஒருவன். அவளுக்குக் கொழுந்தன் முறை. மண்புழு எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்குச் சிரித்தான். "புழுவுக்கெல்லாமா உத்தரவு கேப்பீக? அள்ளிட்டுப் போங்க மதினி."

எடுப்பது எளிது, வைத்துக் காப்பதுதான் பாடு. வாயகன்ற மூன்று பானைகளில் அடியில் தேங்காய்நார் பரப்பி, குழியில் மாதக்கணக்காகக் கிடந்து கறுத்துப்போன சாணியையும் மக்கிய வாழைமட்டையையும் போட்டு, மேலே ஈரச்சாக்கு விரித்தாள். தண்ணீரைத் தெளித்தாளே தவிர ஊற்றவில்லை. தினமும் விடிந்ததும் கையை விட்டுத் துழாவி, செத்த புழு ஒன்று தென்பட்டாலும் எடுத்தெறிந்தாள். விட்டுவைத்தால் பானை முழுவதும் அழுகிப்போகும். நாலு மாதம் பத்து பேரும் அவள் பானையில் கைவிட்டு அள்ளிப்போனார்கள். ரெண்டு மீன் என்றது ஒன்றாயிற்று. சில நாள் அதுவும் மறந்துபோயிற்று.

பங்குனி பிறந்தபோது அந்த ஒரு மீனும் அவர்கள் கண்ணை உறுத்தியது. புழு வளர்ப்பது என்ன பெரிய வித்தையா என்று ஆளுக்கொரு பானை வைத்தார்கள். தொழுவத்திலிருந்து அன்றைய சாணியைச் சுடச்சுட அள்ளிப் போட்டு, மூடியை இறுக்கிக் கட்டினார்கள். நாலாம் நாள் திறந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். பச்சைச் சாணியின் சூட்டில் ஒரு புழு மிஞ்சவில்லை. புதிதாகத் தோண்டலாம் என்றால் வெயிலில் தோப்பு மண்ணும் செங்கல்லாக இறுகிக் கிடந்தது. ஊரில் உயிரோடு இருந்தவை முத்திருளாயியின் பானைப் புழுக்கள் மட்டும்தான்.

கோட்டைராசு ஓடிவந்தான். மறுநாள் அவன் மகளுக்குக் காதுகுத்து. மாமன் வீட்டாருக்குக் கெளுத்திக் குழம்பு வைப்பதாக வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.

"மதினி, ஒரு பிடி புழு குடுங்க."

"மூணு பானை இருக்கு. தரமாட்டேன்."

விளையாடுகிறாள் என்று நினைத்தான். "நாலு மீனு தாரேன் மதினி."

"மீனை நானே பிடிச்சுக்கிருவேன். எனக்கு மடையில எடம் வேணும்."

பொழுது சாய்வதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. "கேட்டான், மறுத்துட்டா. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், தூண்டிலை முறிக்கணும்" என்றார் அம்பலம். கோட்டைராசு தன் பங்குக்கு, "எந்தோப்பு மண்ணுல எடுத்த புழு. அது எனக்குப் பாத்தியம்" என்றான்.

முத்திருளாயி தூண்டிலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அது போனால் மடையில் உட்காரும் நினைப்பும் அதோடு போகும். காலமெல்லாம் புழு அள்ளிக் கொடுத்துவிட்டு இன்னொருவன் போடும் மீனுக்குக் காத்திருக்க வேண்டும். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"முறிங்க. முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கிறேன்."

கேட்டாள். தூண்டிலை வாங்க நீட்டிய கையை அம்பலம் மடக்கிக்கொண்டார்.

இப்போது சொல்லுங்கள். அவள் என்ன கேட்டிருப்பாள்? தூண்டில் முறிபட வேண்டியதுதானா? அம்பலம், கோட்டைராசு, முத்திருளாயி, இதில் நியாயம் யார் பக்கம்?

விடை: "கரையில எனக்கு எடம் இருக்கா, இல்லையா?" என்றுதான் கேட்டாள். இல்லையென்றால் இடம் உள்ளவர்களுக்கான கட்டுப்பாடு அவளைத் தொடாது. உண்டென்றால், நாலு மாதம் அவளை உட்காரவிடாமல் தடுத்த பத்து பேரும் முதலில் அந்தக் குற்றத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வரட்டும். கோட்டைராசுவின் பாத்தியம் அவன் அள்ளிப்போகச் சொன்ன அன்றே தீர்ந்துவிட்டது. தன் சொந்தப் பொருளை எவனாவது ஒரு பிடி கொடு என்று கேட்டு நிற்பானா? ஆக, நியாயம் முத்திருளாயி பக்கம். அம்பலம், "இன்னையிலேருந்து எடம் உண்டு" என்றார். அவள் நேரே மடைக்குப் போய் உட்கார்ந்து, தூண்டிலை வீசினாள். பிறகு பானையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "இப்பக் கேளுங்க கொழுந்தனாரே."