முதலாளி ஏறினால் கிளம்பாத கார்

கல்யாண மண்டப முதலாளி திருவேங்கடத்தின் பழைய காருக்கு ஒரு நோய், சொன்னால் சிரிப்பீர்கள். டிரைவர் சூசை பெட்ரோல் போடத் தனியாகப் போனால் கிளம்பும். பட்டறையிலும் கிளம்பும். முதலாளி ஏறி உட்கார்ந்தால் மட்டும் அடிக்கடி அசையாது.

அன்று சம்பந்தியை ஏற்றிக்கொண்டு நிச்சயதார்த்தத்துக்குப் புறப்படும் நேரம். சூசை சாவியைத் திருகினான். சத்தமே இல்லை.

"வேணும்னே பண்றியாடா? அஞ்சு நிமிஷத்துல வண்டி கிளம்பலைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே!" என்று முதலாளி கத்தினார்.

சூசை குனிந்து பார்த்தான். கார் சாவியோடு மண்டபத்துச் சாவிகள் நாற்பதும் ஒரே கொத்தாகத் தொங்கின. அவனுக்குப் பொறி தட்டியது. ஆனால் கழற்றச் சொன்னால், "சாவி மேல கண்ணா?" என்பார்.

"முதலாளி, சம்பந்தி ஐயா இந்தக் கொத்தையே பார்க்கிறாரு. மண்டபமே என் கையிலதான் இருக்குன்னு நினைச்சுட்டாரு போல," என்று சூசை தாழ்ந்த குரலில் சொன்னான்.

முதலாளி சீட்டிலிருந்து முன்னால் பாய்ந்து, கார் சாவியை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். சூசை திருகினான். வண்டி உறுமியது.

"என்னடா செஞ்சே?"

"நான் ஒண்ணும் செய்யலைங்க. சாவி போடுற சுவிட்சு தேய்ஞ்சு போச்சு. இத்தனை கனம் தொங்கினா உள்ளே கரண்டு சேராது. நான் தனியாப் போனாலும், பட்டறைக்கு அனுப்பினாலும், கார் சாவியை மட்டும்தானே கழற்றிக் கொடுப்பீங்க?"

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்கு என்னப்பா வைத்தியம்?"

"புது சுவிட்சு மாத்தணும்ங்க. அதுவரைக்கும் முதலாளி யாரையும் நம்பாம இருந்தாப் போதும்."