பாதரசத்தில் யார் பேர்?

ஊரே ஏரிக்கரையில் திரண்டுவிட்டது! கல்லூரிக்காரர்கள் கொடுத்த வெள்ளைப் பொடியை மீன்காரி சூசையம்மா ஒரு ஜாடி ஏரித்தண்ணீரில் கலக்கி, நீல டார்ச்சை அடித்தாள். அடியில் படிந்த பொடி செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. தண்ணீரிலிருந்த பாதரசம் பொடியில் சிக்கிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

தெர்மாமீட்டர் ஆலை முதலாளி தணிகாசலம் காருக்குள் இருந்தபடியே சிரித்தார். "பாதரசம்தான். அதுல என் பேரா எழுதியிருக்கு? என்னுதுன்னு நிரூபிச்சுக் காட்டு, இன்னைக்கே ஆலையைப் பூட்டுறேன்!"

கூட்டம் சூசையம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவளோ, சந்தையில் அடுத்தவள் மீனைப் பார்ப்பதுபோல ஜாடியைத் தூக்கிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"ஐயாவோடதா இருக்காது. இது மட்டச் சரக்கு. வெளிச்சமே மங்கலா இருக்கு பாருங்க. எவனோ கலப்படக்காரன் ஊத்தினது."

முதலாளி காரிலிருந்து குதித்தார். "யாருடி கலப்படக்காரன்? இது எங்க சரக்கு! நானே நின்னு காய்ச்சி வடிக்க வெச்சது! இந்த ஜில்லாவுல இதுக்கு ஈடு உண்டா?"

கூட்டம் காரைச் சுற்றி நெருங்கியது.

"பேர் எங்கேன்னு கேட்டீங்க. நீங்களே வாசிச்சுட்டீங்க" என்று கையை நீட்டினாள் சூசையம்மா. "ஆலைச் சாவியைக் குடுங்க ஐயா!"