தலை நிமிராத வெளவால்

அந்தக் காலத்தில், பறவைகளும் மிருகங்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, காட்டுக்கு நடுவே ஓர் இலுப்பை மரத்தடியில் சாமி குடியிருந்தார். அவர் வாசலில் ஒரே ஒரு கட்டுப்பாடு. யாரும் தனக்கென்றோ தன் பிள்ளைக்கென்றோ எதையும் கேட்கக்கூடாது. மானுக்குக் காலில் முள் தைத்தால் முயல் வந்து கேட்க வேண்டும். முயலுக்குப் பசி என்றால் ஆமை வந்து கேட்க வேண்டும். எல்லாரும் எனக்கு உனக்கு என்று அடித்துக்கொண்ட கூத்தைப் பார்த்துச் சலித்துப்போய், சாமியே வைத்த வழக்கம் அது.

வெளவால் அப்போது மற்றப் பறவைகளைப் போலக் கிளையில் நேராகத்தான் உட்காரும். நல்ல பக்தி; அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கும்பிடும்போது பக்கத்தில் யார் எவ்வளவு குனிகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கும். தன்னைவிட யாராவது ஒரு விரற்கடை தாழ்ந்துவிட்டால் அன்றைக்குப் பழம் தொண்டையில் இறங்காது. கடைசியில் கிளையைக் காலால் பற்றிக்கொண்டு தலைகீழாகவே தொங்கிக் கும்பிட ஆரம்பித்தது. "என்னைப்போலத் தலைதாழ்ந்த ஜீவன் இந்தக் காட்டில் உண்டா?" என்று ஊரைக் கூட்டிக் கேட்டும்விட்டது. பறைசாற்றிய பிறகு அது என்ன தாழ்மை, சொல்லுங்கள்!

அந்த வருஷக் கோடையில் வெளவாலின் குட்டிக்குக் காய்ச்சல் கண்டது. ஒரே குட்டி. தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு கண்ணைத் திறக்காமல் கிடந்தது. பக்கத்துக் கிளை மைனா பதறிக்கொண்டு வந்தது.

"அக்கா, பிள்ளை உடம்பு அனலாக் கொதிக்குதே! நான் போய்ச் சாமிகிட்ட கேட்கிறேன்."

"நீயா?" என்றது வெளவால். "நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னு கும்பிடுறவ நீ. உன் வாயால கேட்டா என் பிள்ளை பிழைக்குமா? போடி, போய் உன் வேலையைப் பாரு. சாமிக்கு என்னைத் தெரியும்."

மைனா அழுதுகொண்டே போய்விட்டது. வெளவால் சாமியின் வாசலுக்கு நேரே போய்த் தலைகீழாகத் தொங்கியது. "சாமி, என் பிள்ளை கண் திறக்கிறவரைக்கும் நான் தலை நிமிர மாட்டேன். இது சத்தியம்!" என்று காடே கேட்கக் கத்தியது.

சாமி எழுந்து வெளியே வந்தார்.

"மகளே, சத்தியமெல்லாம் எதற்கு? அந்த மைனாவைக் கூப்பிடு. அவள் ஒரு வார்த்தை கேட்டால் போதும்."

"அவ கேட்டு நீங்க கொடுக்கிறதா இருந்தா, நான் இத்தனை நாள் தாழ்ந்து கிடந்ததுக்கு என்ன மரியாதை சாமி?"

"பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, அம்மா. கூப்பிடு."

"மாட்டேன்."

அடி பாவி! பெற்ற பிள்ளை மார்பில் துடிக்கும்போது பிடிக்கிற வீம்பா இது? சாமி தான் வைத்த வழக்கத்துக்குத் தானே கட்டுப்பட்டு, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வெயில் சாய்வதற்குள் குட்டியின் உடம்பு சில்லிட்டுப் போனது.

அப்போதுதான் வெளவால், "மைனா! ஏ மைனா! வாடி!" என்று அலறியது. மைனா மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பறந்து வந்தது. குட்டியைப் பார்த்ததும் ஓவென்று அழுதது. பிறகு சாமியின் முன்னால் போய் நின்றது.

"பிள்ளைதான் போயிருச்சு. அக்காவையாவது தலை நிமிர விடுங்க சாமி."

சாமியின் கண் கலங்கியது. "நானா அவள் தலையைக் கட்டிவைத்தேன்? பிள்ளை கண் திறக்கிறவரை என்று அவள்தானே சத்தியம் செய்தாள். போன உயிர் இனி எப்படி அம்மா கண் திறக்கும்?" என்றார்.

அன்று முதல்தான் வெளவால் தலைகீழாகத் தொங்குகிறது. மற்றவர் முகத்தில் விழிக்கக் கூசி, பறவைகளெல்லாம் அடைந்த பிறகே வெளியே வருகிறது. குடியிருப்பதோ இன்றைக்கும் கோயிலுக்குள்ளேதான். சாமிக்கு அத்தனை பக்கத்தில் இருந்தும், அவர் முகத்தை அது நிமிர்ந்து பார்த்ததே இல்லை.